இடது பெடல்

நெல்லிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
6-1-1982

லாசர் அவர்களுக்கு உங்கள் மனைவி பிலோமினாள் எழுதிக்கொண்டது.

நவம்பரில் ஒரு கடிதம் போட்டேன், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று. இரண்டும் கைக்கு வந்து சேர்ந்ததாக உங்கள் தம்பி பிலிப்ராஜ் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். அதனால் தபால்காரரைக் குறை சொல்ல வழியில்லை. மலைக்குத் திரும்பி வாருங்கள் என்று எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போளூரில் தம்பி வீட்டில் போய் இறங்கியது உங்கள் முடிவு. கால் போன மனுஷனிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

இது ஜீப்பைப் பற்றிய கடிதம்.

ஆகஸ்டில் உங்களுக்கு அடிபட்ட நாளிலிருந்து அது கொட்டகையில்தான் நிற்கிறது. நம் மருந்தகத்தை நடத்துகிற செங்கத்துச் சாமியார், ஈஸ்டர் கழிந்துதான் புது டிரைவர் என்கிறார். மலைக்கு வர ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். போன புதன்கிழமை மேல் குடிசையிலிருந்து முத்தம்மாளைக் கொண்டுவந்தார்கள். பிரசவமாகி மூன்று மணி நேரம், ரத்தம் நிற்கவில்லை. அன்றைக்குப் பார்த்துக் காலை பஸ் வரவில்லை. டோலி கட்டி நாலு பேர் தூக்கினார்கள். நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். அடிவாரத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது அவள் போய்விட்டாள். அதே டோலியில் திருப்பித் தூக்கி வந்தோம். கொட்டகையைக் கடக்கும்போது அவள் புருஷன் நின்று ஜீப்பைப் பார்த்தான்.

நான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன். நேற்று ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. காலடியில் மூன்று பெடல் இருக்கின்றன. அன்றைக்கு அதை எண்ணிப் பார்க்கவும் இல்லை. எது எதற்கு, எப்போது எதை மிதிப்பது என்று எழுதுங்கள். என் மேல் என்ன கோபம் என்று கேட்கவில்லை. இதை மட்டும் எழுதினால் போதும்.

பிலோமினாள்


போளூர்
13-1-82

பிலோமினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முத்தம்மாள் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். மேல் குடிசைக்கு நான் மருந்து கொண்டுபோனால் ஒரு கொத்து கீரையாவது கையில் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

நீ ஜீப்பைத் தொடாதே. சாவியைச் சாமியார் அடுத்த தடவை வரும்போது அவர் கையில் கொடுத்துவிடு. அது பழைய வண்டி, ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. அந்த மலை ரோட்டில் பத்து வருஷம் ஓட்டினவனுக்கே என்ன ஆனது என்று பார்த்தாய். வேறு டிரைவர் வரட்டும்.

எனக்கு உடம்பு தேவலை. தம்பி பெண்சாதி ஜெயசெல்வி நேரத்துக்குச் சோறு போடுகிறாள். நீ வர வேண்டாம்.

லாசர்


நெல்லிமரத்தூர்
20-1-1982

லாசர் அவர்களுக்கு,

பாட்டரியைக் கண்டக்டர் மூலமாகப் போளூருக்கு அனுப்பிச் சார்ஜ் செய்து வாங்கிவிட்டேன். பிலிப்ராஜ் கடைக்கு எதிரில்தான் அந்தச் சார்ஜ் கடை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துக்கொண்டே எனக்குத் தொடாதே என்று எழுதினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைக் கிளப்பினேன். நீங்கள் செய்கிற மாதிரியே கியரைத் தள்ளி, இடது பெடலிலிருந்து காலை எடுத்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதுபோல் ஒரே பாய்ச்சல். கொட்டகையின் முன்கால் சாய்ந்தது. எஞ்சின் தானாக நின்றுவிட்டது. எனக்கு நெற்றியில் வீக்கம். சடையன் ஓடிவந்து, "இன்னா நர்ஸம்மா, வண்டிக்குப் பேய் புடிச்சிடுச்சா" என்றான். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

அந்தச் சடையனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவன் பெண்சாதி செந்தாமரைக்கு இது எட்டாம் மாசம் நடக்கிறது. அவளுக்கு இடுப்பெலும்பு குறுகல். முதல் குழந்தையை நான்தான் எடுத்தேன், உயிரில்லாமல். உங்களுக்கு நினைவிருக்கும், அன்று நீங்கள் செங்கத்தில் வண்டியை ரிப்பேருக்கு விட்டிருந்தீர்கள். இந்தத் தடவை ஆப்பரேஷன் இல்லாமல் நடக்காது. முன்கூட்டியே போளூரில் போய்த் தங்கு என்றால் சாமை நிலத்தையும் மாமியாரையும் விட்டுவிட்டு வர முடியாது என்கிறாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவளை டோலியில் தூக்கப் போகிறார்கள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன்.

நீங்கள் எழுதாவிட்டால் முட்டி மோதித்தான் கற்றுக்கொள்வேன். கொட்டகைக்கு இன்னும் மூன்று கால் இருக்கிறது.

பிலோமினாள்


போளூர்
29-1-82

பிலோமினா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். காலில் தெரிகிற விஷயம் பேனாவில் வரவில்லை. முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

வலது கோடி ஆக்ஸிலேட்டர். நடுவில் பிரேக். இரண்டுக்கும் வலது கால் ஒன்றுதான். இடது பெடல் கிளச். அதற்கு மட்டும் இடது கால். வேறு எதற்கும் இடது காலைக் கொண்டுபோகாதே.

எஞ்சின் பக்கம் ஒரு தட்டு இருக்கிறது. எஞ்சின் ஓடுகிற வரைக்கும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்குப் போகிற பக்கம் இன்னொரு தட்டு. நீ பெடலை மிதிக்காதபோது இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிதித்தால் பிரியும். கியர் மாற்றுகிறபோது பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் மிதிக்கிறோம். நீ செய்த தப்பு, காலைப் படாரென்று எடுத்தது. சும்மா நிற்கிற தட்டின் மேல் ஓடுகிற தட்டைக் கொண்டுபோய் அறைந்தால் வண்டி ஒன்று பாயும், இல்லாவிட்டால் சாகும். உன் வண்டி இரண்டும் செய்தது.

மெதுவாக விட வேண்டும். பெடல் மேலே வருகிற தூரத்தில் முதல் பாதி வெறும் தூரம், ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு இடத்தில் இரண்டு தட்டும் உரச ஆரம்பிக்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும். ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்து. ஆஃப் கிளச் என்று சொல்வோம், பாதி கிளச். அங்கே ஒன்று இரண்டு மூன்று எண்ணு. வண்டி தானாக நகரும். நகர்ந்த பிறகு மீதியை விடு. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு உயரம். நம் வண்டிக்கு ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் சமதரையில் மட்டும் செய். ஆக்ஸிலேட்டரைத் தொடாதே. நகர்த்து, நிறுத்து, நகர்த்து, நிறுத்து. ஐம்பது தடவை. மேட்டுப் பக்கம் போகாதே.

நான் பகலெல்லாம் பிலிப்ராஜின் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். திருவண்ணாமலை ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியும் கியர் மாற்றும்போது இல்லாத கால் மிதிக்கிறது. பாதம் இருக்கிற மாதிரியே தெரிகிறது. கட்டைவிரல் வரைக்கும் தெரிகிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

லாசர்


நெல்லிமரத்தூர்
8-2-1982

மாமாவுக்கு,

இப்படி எழுதி எத்தனை மாசமாயிற்று. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

அந்த இடம் கிடைத்துவிட்டது. முதல் நாள் பதினெட்டுத் தடவை வண்டி நின்றது. இரண்டாம் நாள் எண்ணவில்லை. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் எழுதின நடுக்கம் முதலில் ஸ்டீயரிங்கில் வரவில்லை, உள்ளங்காலில் வந்தது. குழந்தை முதல் தடவை அசைவதைக் கர்ப்பிணிகள் சொல்வார்களே, வாயுவா குழந்தையா தெரியவில்லை என்று, அவ்வளவு சின்னது. கால் அங்கே நின்றது. வண்டி நகர்ந்தது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய் நிறுத்தினேன். பார்க்க யாருமில்லை. இரண்டு கழுதை நின்றன. இறங்கி வந்து சொல்ல ஒருவரும் இல்லாததால் ஸ்டெரிலைசரைத் துடைத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்.

வீட்டில் காலையில் ஒரு தடவை பொங்கினால் போதுமாக இருக்கிறது. உங்கள் தட்டைத் தினம் கழுவிக் கவிழ்க்கிறேன், தூசி படிகிறது என்பதற்காக. ஊரில் புளி உலுக்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் மரத்தடியில் இருக்கிறார்கள். மத்தியானத்தில் மருந்தகத்துக்கு ஒரு ஆள் வருவதில்லை. அப்போதுதான் ஓட்டுகிறேன். இரண்டாம் கியர் வரைக்கும் வந்துவிட்டேன்.

இனி மேட்டைப் பற்றி எழுதுங்கள். மேடில்லாமல் இந்த மலையில் எந்த ரோடு இருக்கிறது? ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்பது சரிதான், பார்த்துவிட்டேன். ஆனால் நீங்கள் மேட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வருவீர்களே. ஹேண்ட் பிரேக் இல்லாமல் வண்டி எப்படி நின்றது? அது நிற்குமென்றால் ஆகஸ்டில் அன்றைக்கு ஏன் நிற்கவில்லை? கல் நழுவிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நீங்கள் கல்லை வைத்தாயிற்றா, வைப்பதற்குக் குனிந்தீர்களா என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

பிலோமினா


போளூர்
14-2-82

பிலோமினா,

கல் நழுவிவிட்டது. அதை இனி கேட்காதே.

மேட்டில் கிளப்புகிற முறை. வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். இடது காலை ஆஃப் கிளச் வரைக்கும் கொண்டு வா. எஞ்சின் சத்தம் கனக்கும், மூக்கு தூக்கும். தூக்குகிற வரைக்கும் பிரேக்கை விடாதே. தூக்கியது தெரிந்த பிறகு இடது காலை அசைக்காமல் வலது காலை மட்டும் ஆக்ஸிலேட்டருக்கு மாற்று. அந்த ஒரு நிமிஷத்தில் வண்டியைக் கிளச்தான் தாங்குகிறது. பயந்து அதை மிதித்தால் பின்னால் போவாய். பயப்படாமல் இருந்தால் ஏறுவாய். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

முதலில் சக்கரத்துக்குப் பின்னால் சடையனைக் கல் போடச் சொல். ஆனால் அவன் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று கம்பால் தள்ளிப் போடட்டும். இதை மட்டும் மறக்காதே.

மேட்டில் நிறுத்திவிட்டு இறங்குவதாக இருந்தால் பர்ஸ்ட் கியரில் போட்டு எஞ்சினை ஆஃப் செய். எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாரம் இல்லாவிட்டால் அசையாது.

மலை இறங்குவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். எழுதுகிற வரைக்கும் இறங்காதே.

லாசர்


நெல்லிமரத்தூர்
19-2-1982

மாமா,

மேட்டில் கிளப்பப் பழகிவிட்டேன். பத்துக்கு ஏழு தடவை சரியாக வருகிறது. சடையன் பக்கவாட்டில் நின்று கம்பால்தான் கல்லைத் தள்ளுகிறான்.

நேற்று அவனை அனுப்பிவிட்டு நான் மட்டும் ஏரிக்கரைச் சரிவுக்குப் போனேன். பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினேன். நீங்கள் எழுதினபடி பர்ஸ்ட் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நின்றது. ஒரு விரற்கடை அசைந்து, அப்படியே நின்றது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பிறகு இடது பெடலை மிதித்தேன்.

மண்மேட்டில் போய் முட்டுகிற வரைக்கும் காலை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டில் நடந்தது ஒவ்வொன்றாக வந்தது. எஞ்சின் பாதி மேட்டில் அடங்கியது. நீங்கள் கியரைப் போட்டுவிட்டு என்னை அந்த சீட்டுக்கு நகரச் சொன்னீர்கள். "வண்டி அசைஞ்சா மிதி" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர்கள். வண்டி முனகியது. "மிதி, மிதி" என்று உங்கள் குரல் கேட்டது. நான் இரண்டு காலையும் சேர்த்து இருக்கிற பலத்தையெல்லாம் கொண்டு மிதித்தேன். என் காலுக்கு நேராக எது இருந்ததோ அதை. அது இடது ஓரத்தில் இருந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் பிரித்துவிட்டேன்.

கல் நழுவவில்லை. நீங்கள் கல்லை இன்னும் கீழே வைக்கவே இல்லை.

உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தொடாதே என்று எழுதினீர்கள். கற்றுக்கொண்டால் எனக்கும் தெரிந்துவிடும் என்று. ஆறு மாசமாக டாக்டரிடமும், சாமியாரிடமும், தம்பியிடமும் கல்லின் மேல் பழி போட்டீர்கள். நான் உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று இந்த ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதுங்கள். மலைக்கு வராதது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். நான் தாங்குவேன்.

பிலோமினா


போளூர்
25-2-82

பிலோமினாவுக்கு,

ஆமாம், நீ மிதித்தது கிளச்தான். எனக்கு அந்த நிமிஷமே தெரியும். எஞ்சின் பிடித்திருக்கிற சக்கரம் முக்கிக்கொண்டு வரும். அது அப்படி வரவில்லை. கையை விட்டதுபோல் வந்தது.

எதை மிதிப்பது என்று நான் சொல்லவில்லை. இதையும் நீ எழுதிக்கொள். மூன்று பெடல் இருக்கிற இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு மிதி என்று மட்டும் கத்தினேன். கல்யாணமான புதிதில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு தடவை கேட்டாய். "நீ ஊசி போடற வேலையப் பாரு" என்றேன். பதினொரு வருஷத்தில் மறுபடி நீ கேட்கவில்லை. அன்றைக்குக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் என் கால் என்னிடம் இருந்திருக்கும்.

கேட்டதற்குப் பதில். வேலூரில் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் உன் மேல் கோபம் இருந்தது. பொய் எழுத மாட்டேன். நீ கஞ்சி கொண்டுவரும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேனே, அது வலியால் இல்லை. அப்புறம் அது போய்விட்டது. எப்போது போனது என்று தெரியாது. போன பிறகு உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மலைக்கு வந்தால் நீதான் கட்டு மாற்றுவாய். மாற்றும்போதெல்லாம் அன்றைக்கு என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்பாய், நீ கேட்காமல் இருக்கிறவள் இல்லை. ஒரு நாள் வாய் தவறிவிடும். அதற்குத் தம்பி வீடே மேல் என்று இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊரில் எனக்கு டிரைவர் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அங்கே வந்து கொட்டகையைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. இங்கே ஒருவனும் நான் ஓட்டுவதைப் பார்த்ததில்லை.

மலை இறங்குவது. இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடு. தரையில் வை. எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். வளைவில் பயம் வந்தால் உன் இடது கால் தானாக அதை மிதிக்கப் பார்க்கும். மிதித்தால் வண்டி கட்டறுந்து ஓடும், வெறும் பிரேக்கால் பிடிக்க முடியாது. பயம் வந்தால் பிரேக். பயம் வந்தால் பிரேக். கிளச் இல்லை. நீ இதை இனி மறக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்.

லாசர்


நெல்லிமரத்தூர்
8-3-1982

மாமாவுக்கு,

செந்தாமரை பிழைத்தாள். பெண் குழந்தை, ஐந்து ராத்தல். அதுவும் பிழைத்தது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சடையன் வந்து கதவைத் தட்டினான். நான் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. போய்ப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, தலை இறங்கவே இல்லை. டோலிக்கு ஆள் கூப்பிடட்டுமா என்றான். வேண்டாம், பாயை எடுத்து ஜீப்பில் போடு என்றேன். அவள் மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று அழுதார். செந்தாமரைதான் வாயைத் திறந்தாள். "நர்ஸம்மா கூட்டிப் போவட்டும். டோலியில போயி முத்தம்மா மாதிரி நானு சாவ மாட்டேன்" என்றாள்.

இரண்டாம் கியர். இடது காலைத் தரையில் வைத்தேன். முதல் வளைவிலேயே அது தூக்கிக்கொண்டு வந்தது, நீங்கள் எழுதினபடியே. வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் முழங்காலை அழுத்தி வைத்தேன். எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. உங்களுக்கு அடிபட்ட இடத்தைத் தாண்டினேன். தாண்டின பிறகுதான் தாண்டியது தெரிந்தது.

கீழே பாதி வழியில், ஓடைப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில், எதிரில் காலை பஸ் வந்துவிட்டது. நிறுத்தினேன். நிறுத்துகிற அவசரத்தில் கிளச்சை மறந்தேன், எஞ்சின் அணைந்தது. பின்னால் செந்தாமரை கத்தினாள். சடையன் குதித்து இறங்கி ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான்.

"சடையா, பின்னால போவாத. கல்லப் போட்டுட்டு இந்தப் பக்கம் வா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவன் கல்லைப் போட்டுவிட்டு என் பக்கமாக வந்து நின்றான். வலது கால் பிரேக்கில் கல்லைப்போல் இருந்தது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நான் வந்து எடுத்துத் தரட்டுமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டபோது இறங்கிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வண்டியில் அது எங்கே பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "வேணாங்க, கொஞ்சம் ஓரமா ஒதுங்கிக்கோங்க" என்றேன்.

கிளப்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டேன். மேலே, இன்னும் மேலே. உள்ளங்காலில் அது வந்தது. சத்தம் கனத்தது, மூக்கு தூக்கியது. வலது காலை மாற்றினேன். ஒரு அங்குலம்கூட வண்டி பின்னால் வரவில்லை. மேட்டில் ஏறிப் பாலத்தைத் தாண்டிவிட்டோம். கொஞ்ச தூரம் போன பிறகு சடையன் பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்டான். அவனை விட்டுவிட்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பத்தரைக்கு ஆப்பரேஷன் முடிந்தது. நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். உங்கள் தம்பி வீடு அங்கிருந்து நாலு தெரு. நான் வரவில்லை. வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தது ஒரு காரணம். உங்கள் காலை நேராகப் பார்க்க எனக்கும் தைரியம் வேண்டும், அது இன்னொரு காரணம்.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை தாயையும் பிள்ளையையும் கூட்டிவர வருகிறேன். பதினோரு மணிக்கு போளூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டி நிற்கும். நீங்கள் நின்றால் ஏற்றிக்கொண்டு போகிறேன். உங்கள் சீட்டில் நான் இருப்பேன். அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்.

பிலோமினா


போளூர்
18-3-82

பிலோமினா,

நான் வந்திருந்தேன். எதிரில் டீக்கடையில் உள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கே வந்துவிட்டேன்.

நீ பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாய். பார்ப்பதற்கு முன்னால் சத்தம் கேட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினாய். கியர் பல் கடிக்கவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். "யார்ரா அது, பொம்பள ஓட்டிக்கினு வருது" என்று ஒருத்தன் கேட்டான். நான் பெஞ்சில் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன்.

நீ முக்கால் மணி நேரம் நின்றாய். இரண்டு தடவை இறங்கினாய். செந்தாமரைக்கு ஸ்டாண்டுக் கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாய், நீ ஒன்றும் சாப்பிடவில்லை. சடையன் குழந்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது பக்க சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. அதையும் பார்த்தேன்.

எழுந்து வந்திருக்க வேண்டும். ஊன்றுகோலைக் கையில் எடுத்தேன். எழுந்திருக்கவில்லை. வேட்டி ஒரு பக்கம் காலியாகத் தொங்குகிறதை நீ பார்ப்பாய் என்பது மட்டும் இல்லை. அந்த வண்டியில் நான் இடது பக்கம் ஏறினதே கிடையாது. எதைப் பிடித்து ஏறுவது என்றுகூட எனக்குத் தெரியாது. நாலு பேர் பார்க்க நீயும் சடையனும் தூக்கி ஏற்றுவீர்கள். அதை நினைத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது முன்னால் ஒரு கட்டை வண்டி குறுக்கே வந்தது. ஆஃப் கிளச்சில் ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்திக்கொண்டு போனாய். பிள்ளை முழித்திருக்காது. நான் அவ்வளவு நன்றாக ஒரு நாளும் ஓட்டினதில்லை.

இன்று நாள் முழுக்க ஒருவரிடமும் பேசவில்லை. உனக்கு எழுதியாவது விடலாம் என்று எழுதுகிறேன்.

லாசர்


நெல்லிமரத்தூர்
23-3-1982

மாமா,

எனக்குத் தெரியும். வந்து நிறுத்தின கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிட்டேன். உங்கள் முகம் தெரியவில்லை. பெஞ்சுக்குக் கீழே ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு ஊன்றுகோலின் முனை.

சடையன், "அண்ணன் வருமா நர்ஸம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரியாது என்றேன். இரண்டு தடவை இறங்கினது உங்களிடம் வரத்தான். ரோட்டின் பாதி வரைக்கும்கூட வரவில்லை. நான் வந்து கூப்பிட்டால் அத்தனை பேர் நடுவில் நீங்கள் எழுந்து வந்தே ஆக வேண்டும். அப்படி வர வைக்க எனக்கு மனசில்லை. முக்கால் மணி நேரம் நாம் இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் இருந்தோம். நீங்கள் போளூர் போன பிறகு அதுவே நெருக்கம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் குழந்தை முழிக்கவில்லை. நீங்கள் எழுதினது சரி.

இங்கே இப்போது என்னைத் தேடி இரண்டு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆனால் வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது. எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரியவில்லை. பிரேக் முன்னைவிட ஆழமாகப் போகிறது. ஓட்டுவதுதான் எனக்குத் தெரியும், வண்டியைத் தெரியாது. குனிந்து பார்த்துச் சொல்ல இந்த மலையில் ஒருவரும் இல்லை. உங்களை வரவழைக்க எழுதுவதாக நினைக்க வேண்டாம். சொட்டுவது நிஜம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, மருந்து எடுக்க வருகிறேன். தனியாகத்தான் வருவேன். எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். எழுதாவிட்டால் மருந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அடுத்த மாதமும் வருவேன்.

பிலோமினா


போளூர்
27-3-82

பிலோமினாவுக்கு,

பஸ் ஸ்டாண்டு வேண்டாம். கூட்டம். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், புங்கமரத்துக்கு அடியில் தரை சமமாக இருக்கிறது. அங்கே நிற்கிறேன். தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பிலிப்ராஜிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி வீட்டுப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. நாலு நாளாகச் சாயங்காலம் அதில் ஏறி இறங்கிப் பார்க்கிறேன். முன் கம்பியை ஒரு கையால் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து, திரும்பி உட்கார வேண்டும். நேற்று விழவில்லை.

நீ இறங்க வேண்டாம். நானே ஏறிக்கொள்வேன். ஆனால் நேரமாகும். அது வரைக்கும் கியரில் போட்டுக் கிளச்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, தட்டு தேய்ந்துபோகும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இரு.

லாசர்